யெஸ் சார் என்று தரையிறங்குவது

முப்பத்தொரு வருடம் மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு விமானம் ஓட்டத் தொடங்கினேன். மகள் கல்யாணமாகி உக்குவளைக்குப் போனபோது விட்டுச்சென்ற கம்ப்யூட்டருக்குள் அந்த விமானம் இருந்தது. மருமகன்தான் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தார். நான் சும்மா இருந்தால் எல்லோரையும் திருத்த ஆரம்பித்துவிடுவேன் என்பது குடும்பத்தின் அபிப்பிராயம். அதில் உண்மை இல்லாமலில்லை.

அந்த வருடம்தான் என் மனைவிக்குக் கண்டியில் இதய வால்வு மாற்றியிருந்தார்கள். இரத்தம் உறையாமலிருக்க அவள் ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். அளவு கூடினால் இரத்தம் கசியும். குறைந்தால் வால்வில் கட்டி பிடித்துவிடும். இரண்டுமே உயிர் விஷயம். மாதம் ஒரு தடவை கிளினிக்கில் இரத்தம் பார்த்து அளவைக் கூட்டிக் குறைப்பார்கள். மாத்திரைக்கு நான் பொறுப்பு. இத்தனை வருடம் தோட்டத்தின் கோப்புகளைக் கட்டி மேய்த்தவனுக்கு ஒரு மாத்திரை என்ன பெரிய விஷயம் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு அது.

விமானத்தை மேலே ஏற்றுவதில் ஒன்றுமில்லை. யார் வேண்டுமானாலும் ஏற்றலாம். இறக்குவதற்குத்தான் கட்டுப்பாட்டாளர் வேண்டும். இன்டர்நெட்டில் இதையே பொழுதுபோக்காகச் செய்கிற நிஜ மனிதர்கள் இருக்கிறார்கள். அவரவர் வீட்டில் உட்கார்ந்து, நம்மைப் போன்றவர்களின் விளையாட்டு விமானங்களை ஒன்றோடொன்று முட்டாமல் வரிசையில் விடுவார்கள். பேச்சு முழுக்க ஆங்கிலம். அதற்கு நான் பயப்படவில்லை. நான்கு மெனேஜர்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தை நெருங்கியபோது கட்டுப்பாட்டாளர் மூன்று விஷயம் சொன்னார்: எந்த உயரத்துக்கு இறங்க வேண்டும், எந்தத் திசைக்குத் திரும்ப வேண்டும், வேகத்தை எவ்வளவுக்குக் குறைக்க வேண்டும்.

"யெஸ் சார்" என்றேன்.

"திருப்பிச் சொல்லுங்கள்" என்றார்.

"ஓகே சார்."

"நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்."

"யெஸ் சார், தேங்க் யூ சார்."

குரலைக் கேட்டால் என் மருமகனைவிட இளையவர். ஆனாலும் அது உத்தரவு போடுகிற குரல். அந்தக் குரலுக்கு என் வாயில் வேறு பதில் வராது. நான் வேகத்தைக் குறைத்தேன், திசையைத் திருப்பினேன், ஞாபகத்தில் இருந்த உயரத்துக்கு இறங்கினேன். அவர் சொன்னது மூவாயிரம் அடி. நான் இறங்கியது இரண்டாயிரம். அங்கே ஏற்கெனவே இன்னொருவர் இருந்தார். உடனே மேலே ஏறு, சுற்றிக்கொண்டு வா என்று கட்டுப்பாட்டாளர் கத்தினார். அன்று நான்கு தடவை சுற்றினேன். ஆள் சேர்க்கிற, நாவுல ஊருக்குப் போகிற பஸ்கூட அத்தனை தடவை சுற்றாது.

பக்கத்தில் உட்கார்ந்து மிளகில் காம்பு பொறுக்கிக்கொண்டிருந்த மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் அதே தோட்டத்தில் பிறந்தவள்.

"அந்தத் தொரை என்னங்க கேக்குறாரு?"

"அவரு சொன்னத நான் திருப்பிச் சொல்லணுமாம்."

"ஐயையோ. சொல்லிறாதீங்க. நக்கல் பண்றீங்கன்னு நெனைச்சுக்குவாரு."

எங்களைப் பொறுத்தவரை அது நியாயமான பயம். காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும்போது தொரை சொன்னால் தலையை ஆட்ட வேண்டும். விளங்காவிட்டாலும் ஆட்ட வேண்டும். விளங்காததைப் பிறகு பக்கத்து ஆளிடம் கேட்டுக்கொள்ளலாம். ஒரு தடவை புதுக் கங்காணி ஒருவர், "அப்ப எட்டாம் நம்பர் மலைக்குப் பத்துப் பேருங்களா ஐயா?" என்று கேட்டுவிட்டார். பாவம், சரிபார்க்கத்தான் கேட்டார். எதிர்த்துப் பேசினார் என்று ஒரு வாரம் அவருக்குக் கங்காணி வேலை இல்லை. அந்த உத்தரவை டைப் அடித்தவன் நான். அப்போது எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கட்டுப்பாட்டாளரின் நியாயம் எனக்குப் பிடிபட இரண்டு வாரம் ஆனது. திருப்பிச் சொல்லச் சொல்வது மரியாதைக்காக அல்ல. கேட்டவன் மூன்றில் இரண்டைத்தான் பிடித்திருப்பான் என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். திருப்பிச் சொன்னால் பிசகு அங்கேயே அகப்பட்டுவிடும். இந்த உலகத்தில் என்னை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டவர்கள் வேறு யாருமில்லை. பழைய கொப்பி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒருநாள் உயரம், திசை, வேகம் மூன்றையும் தட்டுத்தடுமாறித் திருப்பிச் சொன்னேன். "சரி" என்றார் அவர். முப்பத்தொரு வருடத்தில் எந்தத் தொரையும் நான் சொன்னதைச் சரி என்று சொன்னதில்லை. அந்தச் சந்தோஷத்தில் விமானம் ஓடுபாதையில் மூன்று தடவை குதித்தது. ஆனாலும் இறங்கிவிட்டது.

அந்த நாட்களில் மனைவியின் கையில் அங்கங்கே நீலம் பாரித்திருந்தது. கேட்டதற்குக் கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். எங்கள் வீட்டில் அத்தனை கதவு இல்லை.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் இரத்த அறிக்கையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். இளம் பெண். வெளியே நீள வரிசை. சிங்களத்தில் வேகமாகச் சொன்னார்: மாத்திரையில் அரையைக் குறையுங்கள், கீரையைத் திடீரென்று கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம், ஒரு கிழமையில் மறுபடி இரத்தம் பாருங்கள். சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. "சரி டொக்டர்" என்று எழுந்துவிட்டேன். எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தேன்.

"டொக்டர், திருப்பிச் சொல்கிறேன். ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கிற ஒன்றரையில் அரையைக் குறைக்கிறேன். கீரை எப்போதும் போல. ஒரு கிழமையில் இரத்தம்."

மனைவி மேசைக்கடியில் என் தொடையைக் கிள்ளினாள். டொக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த ஒன்றரை?"

"ஒருநாள் ஒன்று, மறுநாள் ஒன்றரை. அப்படித்தானே கொடுக்கிறோம்."

"ஒன்றரையைப் போன மாதமே நிறுத்தச் சொன்னேனே. இனித் தினமும் ஒன்று என்றேன். இதோ கிளினிக் கொப்பியிலும் எழுதியிருக்கிறது. நீங்கள் சரி என்றீர்களே!"

சொல்லியிருப்பேன். கிளினிக் கொப்பியை அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்தேன். திறந்து பார்க்கவில்லை. ஒரு மாதமாக ஒருநாள் விட்டு ஒருநாள், அரை மாத்திரையை நானே கத்தியால் வெட்டி அவள் உள்ளங்கையில் வைத்திருக்கிறேன்.

தினமும் ஒன்று கொடுக்கிறோம் என்று நினைத்துத்தான் டொக்டர் அதை அரையாக்கச் சொன்னாராம். ஒரேயடியாக அரைக்கு இறக்கியிருந்தால் வால்வில் கட்டி பிடித்திருக்கும் என்றார். "அரை வேண்டாம். தினமும் ஒன்று." பிறகு மனைவியிடம் பல் விளக்கும்போது இரத்தம் வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்றாள். எத்தனை நாளாக? இரண்டு கிழமையாக. எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் நான் திருத்த ஆரம்பித்துவிடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ.

பஸ் நிலையத்துக்கு நடந்தோம். உக்குவளை பஸ் புறப்படப் போவதாகக் கத்திக்கொண்டிருந்தது. ஆனால் புறப்படவில்லை.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "தெனம் ஒன்னு. இனிமே ஒன்றரை கெடையாது. வெளங்குச்சா?"

"சரி" என்றேன்.

"சரியெல்லாம் வேணாம். திருப்பிச் சொல்லுங்க."

பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள். "தெனம் ஒன்னு" என்றேன். "இனிமே ஒன்றரை கெடையாது."

அவள் தலையை ஆட்டினாள்.