திருகையில் அரைத்த காபி

எங்கள் குடும்பத்தில் காபி குடித்துக் கெட்டுப்போனவர் யாரும் கிடையாது. பென்னாகரம் பக்கத்தில் அப்போதெல்லாம் காலையில் ராகிக் கூழ், மதியம் ராகிக் களி, யாராவது வந்தால் வெல்லம் போட்ட வரக்காபி. அத்தையைப் பெண் பார்க்க தர்மபுரியிலிருந்து வருகிறவர்களோ பில்டர் காபிக்காரர்கள் என்று தரகர் சொல்லிவிட்டுப் போனார். அதுவும் பொடியைக் கடையில் வாங்க மாட்டார்களாம், அன்றன்று அரைப்பார்களாம். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்ததால் அப்பா இதைக் கோட்டை விடத் தயாராக இல்லை. வத்தல்மலையிலிருந்து காபிக்கொட்டையும், வாத்தியார் வீட்டிலிருந்து இரவல் பில்டரும் வந்து சேர்ந்தன.

அம்மா வறுத்தாள். அரைக்கும் பொறுப்பு எனக்கு. பத்து வயதில் எனக்குத் தெரிந்த ஒரே இயந்திரம் ராகி அரைக்கும் திருகைதான். அதில் மூன்று தடவை அரைத்தேன். சல்லடையில் சலித்தேன். திருப்தி வராமல் அப்பாவின் பழைய வேட்டித்துணியில் மறுபடியும் சலித்தேன். குழந்தை முகத்தில் பூசலாம், அப்படி ஒரு பொடி. "மாவுன்னா இது மாவு" என்று அம்மாவே மெச்சினாள்.

விருந்தாளிகள் வந்தார்கள். பில்டரில் பொடியைப் போட்டு வெந்நீர் ஊற்றி மூடினோம். அரை மணி கழித்துத் திறந்தால் கீழே ஒரு சொட்டு இல்லை. மேலே கறுப்பாகக் களி. முன்கட்டில் மழை, மாடு, பஸ் எல்லாம் பேசித் தீர்ந்து, அப்பா மறுபடி மழைக்கே திரும்பியிருந்தார். காபி குடிக்காமல் அவர்கள் எழுந்திருக்க முடியாது, காபி இல்லாமல் அத்தை வெளியே போக முடியாது.

"இதுவும் போச்சு அண்ணி" என்றாள் அத்தை.

"வாயக் கழுவு. பக்கத்து வூட்ல டீத்தூள் இருக்குதான்னு பாத்துட்டு வரேன்" என்று அம்மா பின்பக்கமாக ஓடினாள்.

அந்த நேரம் பார்த்து என் மூளை வேலை செய்தது. பில்டரின் மேல்பாத்திரத்தில் வாயை வைத்து முழு மூச்சில் ஊதினேன். டிகாக்ஷன் கீழே போகவில்லை. மேலே வந்தது.

கண் எரிய வெளியே பாய்ந்தவன், கை கழுவ வந்த மாப்பிள்ளை மேல் மோதினேன். அவருடைய வெள்ளைச் சட்டையில் என் முகம் அச்சாகப் பதிந்தது.

"என்ன தம்பி இது?"

"உங்க காபிதானுங்க."

அவர் சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பொடியை விரலால் தொட்டுச் சிரித்தார். "இவ்ளோ நைசா அரைச்சா தண்ணி எப்படிங்க எறங்கும்? ரவையாட்டம் ஒடைக்கணுங்க." என்னிடம்தான் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். அவர் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிச்சம் ஒரு கை கொட்டை இருந்தது. மாப்பிள்ளை திருகை முன் உட்கார்ந்து நாலு நாலாகப் போட்டார். கல் அசையவில்லை போலிருக்கிறது. "கொஞ்சம் புடிங்க" என்றார். அத்தை எதிரில் உட்கார்ந்து அதே பிடியைப் பிடித்தாள். ஒரு பிடி, இரண்டு கை. கல் எறும்பு வேகத்தில் நகர்ந்தது. இரண்டு படி ராகியைத் தனியாளாக அரைக்கிறவன் நான். பார்க்கவே சகிக்கவில்லை.

"நவுருங்க, நான் சுத்தறேன்."

"நீ போய் மூஞ்சியக் கழுவுடா" என்றாள் அத்தை, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

நான் கழுவவில்லை. அத்தையின் வாழ்க்கை அல்லவா. நேராக முன்கட்டுக்குப் போய், கறுத்த முகத்தோடு சபை நடுவில் நின்றேன்.

"மாப்பிள்ளைக்குத் தெம்பு பத்தலீங்க. ஒரு கை கொட்டைய அரைக்க எங்க அத்தையும் கூடச் சேந்து கல்லப் புடிக்க வேண்டியிருக்குது."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா விசிறியை நிறுத்தினார்.

"அப்ப காபி மெதுவாவே வரட்டும்" என்றார். "தட்ட எடுத்து வைங்க, வெத்தல பாக்கு மாத்திக்கலாம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவ்வளவு சோப்ளாங்கியான ஆளுக்கு அத்தையைக் கொடுக்கிறார்களே என்று தூணைக் கட்டிக்கொண்டு அழுதேன். அத்தையைப் பிரிய மனமில்லாமல் பிள்ளை ஏங்குகிறான் என்று இரண்டு வீட்டாரும் மாறி மாறித் தேற்றினார்கள். உண்மையை மறுபடியும் சொல்லி மாப்பிள்ளையின் மனதை நோகடிக்க வேண்டாம் என்று நானும் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.