எண் எழுதாத ஓடு

திண்டுக்கல்லுக்கு வெளியே, தாடிக்கொம்பு போகிற வழியில் எங்கள் தொல்லியல் பயிற்சி மையம் இருக்கிறது. எங்கள் என்று சொல்வது பழக்கதோஷம். நான் அங்கே கூட்டிப் பெருக்குகிறவள். பத்தாவது வரை படித்தவள். இங்கே சேர்வதற்கு முன்னால் மூன்று மாதம், மையத்துக்காரர்கள் தோண்டிய குழியில் மண் அள்ளினேன். அப்படித்தான் இந்த வேலை கிடைத்தது.

குழியில் கிடைத்த பானை ஓடுகளைக் கழுவுவதும் என் வேலைதான். பழைய டூத் பிரஷ்ஷால் ஓடு தேயாமல் மெதுவாகத் தேய்க்க வேண்டும். காய்ந்ததும் உள்பக்கம் பொடி எழுத்தில் எண் எழுதுவார்கள். எந்தக் குழி, எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் அந்த எண்ணில் தெரிந்துவிடும். எண் எழுதாதவரை பார்க்கிறவர்களுக்கு அது வெறும் ஓடு.

குழியில் ஒருநாள் என் கைக்கு ஒன்று வந்தது. உள்ளங்கை அகலம். உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு. வெளிப்பக்கம் நட்டமாக மூன்று கீறல், அவற்றின் தலைக்கு மேல் வில் மாதிரி இன்னொரு கீறல். ஆராய்ச்சிக்கு வந்திருந்த அம்மா ஓடி வந்து, "கையிலயே வச்சிருங்க, அசையாதீங்க" என்று என் கையோடு சேர்த்துப் படம் எடுத்தார். "நீங்க கண்டெடுத்ததுன்னு பேரு எழுதியே வைக்கிறேன்" என்றார். கூட மண் அள்ளியவர்கள் ஒரு வாரம் விடவில்லை. "ஏத்தா ஓட்டுக்காரி, நாளைக்கு எங்களையெல்லாம் அடையாளம் தெரியுமா?" நான் குனிந்துகொண்டு மண்ணை அள்ளினேன். ரேஷன் கார்டுக்கு அப்புறம் என் பேரை ஒருத்தர் எழுதுகிறேன் என்று சொன்னது அதுதான்.

வேலை முடிந்து அந்த அம்மா ஊருக்குப் போய்விட்டார். எண் எழுத ஆள் வரவில்லை. ஓடுகள் சாக்கில் கட்டிப் பின்பக்க அறையில் கிடந்தன. "நான் எழுதட்டுங்களா சார், என் கையெழுத்து நல்லாருக்கும்" என்று மையத்துப் பொறுப்பாளரிடம் கேட்டேன். கேட்பதற்கு எனக்கு நாலு நாள் ஆனது. "உனக்கெதுக்கும்மா அதெல்லாம்" என்று அவர் உடனே சொல்லிவிட்டார்.

பிறகு பொதுமக்கள் விழா வந்தது. மணல் தொட்டியில் ஓடுகளைப் புதைத்து, வருகிறவர்களைத் தோண்டச் சொல்வோம். அதற்கென்று புதுப் பானை வாங்கி உடைப்பது வழக்கம். அந்த முறை பானை வாங்க மறந்துவிட்டார்கள். வாசலில் மைக் கட்டிக்கொண்டிருக்கும்போது பொறுப்பாளர் பின்பக்கம் வந்தார்.

"இந்தச் சாக்குல என்ன?"

"கழுவின ஓடு சார்."

ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். எண் இல்லை. "இது போதும். கொண்டுபோய்ப் புதை."

"சார், இது வந்து..."

"வாயில என்ன கொழுக்கட்டையா? ஆளுக வந்துட்டாங்க, சீக்கிரம்மா."

என் ஓட்டை மட்டுமாவது எடுத்து வைத்துவிடலாம் என்று சாக்குக்குள் கையை விட்டுத் துழாவினேன். அவர் வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திருடுகிறேன் என்று நினைத்துவிட்டால்? கையை வெளியே எடுத்துக்கொண்டேன். அத்தனையையும் நானே புதைத்தேன்.

நத்தத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு என் ஓடு கிடைத்தது. "அப்பா, இதுல கோடு இருக்கு!" என்று அவர்கள் பெண் கத்தினாள்.

"உன்னைய மாதிரி எவளோ கிறுக்கி வச்சிருக்கா" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள்.

பொறுப்பாளர் மைக்கில் அறிவித்தார்: "கிடைச்சது கிடைச்சவங்களுக்கே! வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம்!" கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

கை கழுவத் தண்ணீர் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தப் பெண் என் வாளியிலேயே ஓட்டை முக்கிக் கழுவி, அப்பாவின் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாள். "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அவை குழியில் எடுத்த அசல் ஓடுகள் என்று இரண்டு நாள் கழித்துப் பொறுப்பாளரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. "அப்பவே சொல்றதுக்கென்ன? பத்தாவது படிச்சவதான நீ?" என்று கத்தினார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, "யார்ட்டயும் சொல்லிறாதம்மா" என்றார். அன்றைக்குத்தான் என்னிடம் கெஞ்சுகிற மாதிரி பேசினார்.

இப்போது அந்த அம்மா குழியில் எடுத்த படம் பெரிதாகிக் கூடத்தில் தொங்குகிறது. கீறல் உள்ள பானை ஓடு என்று கீழே எழுதியிருக்கிறார்கள். பேர் இல்லை. பெருவிரல் நகம் பாதி உடைந்த கை என்னுடையது என்று யாருக்கும் தெரியாது. தினமும் அதற்குக் கீழேதான் கூட்டுகிறேன்.

போன விழாவில் ஒரு டீச்சர் என்னிடம் கேட்டார்: "ஏக்கா, இதோட அசல் எங்க இருக்கு?"

கூடத்தின் அந்தப் பக்கம் பொறுப்பாளர் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"உள்ள பத்திரமா இருக்கு டீச்சர்" என்றேன். திக்காமல், நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி.