ஏழு படங்களில் ஐந்தாவது

அத்தான் வாங்கிய டிஜிட்டல் கேமராவோடு ஒரு சிடி இலவசமாக வந்தது. அந்தச் சிடியை இன்று எங்கேயாவது கண்டால் காலில் போட்டு மிதிப்பேன். கேமராவின் மேல் எனக்குக் கோபமில்லை. அது பாவம், எதிரே நின்றதை அப்படியே எடுத்தது. கெடுத்ததெல்லாம் அந்தச் சிடியில் இருந்த மென்பொருளும், அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்த என் குடும்பமும்தான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. நானும் அப்பாவும் அத்தையும் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். அம்மா நான் சின்னவளாக இருந்தபோதே தவறிவிட்டார். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அத்தை அவருடைய அக்கா. கணவர் இறந்ததும் எங்களோடு வந்து தங்கி, வீட்டையும் எங்களையும் கையில் எடுத்துக்கொண்டவர். என் அக்கா கல்யாணமாகி அத்தானோடு கிள்ளானில் இருந்தாள். நான் செந்தூலில் ஓர் இடைநிலைப்பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அது ஒரு எண். அத்தைக்கு அது வீட்டில் யாரோ படுத்த படுக்கையாகக் கிடப்பது மாதிரி.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தால் முதலில் ஸ்டூடியோவுக்குத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். முழு உருவத்தில் ஒன்று, முகம் மட்டும் ஒன்று. ஜாதகத்தோடு சேர்த்து ஒரு பழுப்பு உறைக்குள் அது ஊர் சுற்றும். அம்பாங்குக்குப் போகும், கிள்ளானுக்குப் போகும், டெங்கிலில் யாரோ ஒருவர் வீட்டு டிவி மேல் இரண்டு வாரம் கிடக்கும். வேண்டாம் என்றால் உறை திரும்பி வரும். என் படம் அப்படி நிறைய முறை திரும்பி வந்திருக்கிறது. முகத்தின் மேல் யார் யாருடையதோ எண்ணெய்க் கைரேகை. ஒரு முறை என் கன்னத்தில் மிளகாய்ச் சம்பல் ஒட்டிக் காய்ந்திருந்தது. சாப்பிட்டுக்கொண்டே பார்த்திருக்கிறார்கள். அத்தை அதை ஈரத்துணியால் துடைத்து, அடுத்த வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

மெல்பர்ன் வரன் வந்தபோது கதை கொஞ்சம் மாறியது. மாப்பிள்ளை அங்கே என்ஜினியர். அவருடைய அம்மாவும் மகனோடு அங்கேயே இருந்தார். அந்த அம்மா பேசிய பிறகு மாப்பிள்ளையும் ஒரு நாள் ஃபோனில் வந்தார். நாற்பது பிள்ளைகளை ஒரே வகுப்பில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டார். நான் சொன்ன பதிலுக்கு வாய்விட்டுச் சிரித்தார். அதுவரை வந்த யாரும் என் வேலையைப் பற்றிச் சம்பளத்துக்கு மேல் எதுவும் கேட்டதில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது. வெளியே சொல்லவில்லை, ஆனால் பிடித்துப்போனது. இவராவது என்னை நான் இருக்கிறபடி பார்த்துவிட்டு வேண்டும் என்று சொல்லிவிடமாட்டாரா என்று ஏங்கினேன்.

படத்தை ஈமெயிலில் அனுப்பச் சொன்னார்கள். அத்தான் உடனே கிளம்பிவிட்டார்.

"ஸ்டூடியோவெல்லாம் எதுக்கு அத்தை? இப்போ டிஜிட்டல் லா. எடுத்த உடனே பார்க்கலாம், உடனே அனுப்பலாம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, எங்கள் மாடி நடைபாதையில் என்னைப் பச்சைச் சேலையில் நிற்கவைத்துப் பத்துப் பன்னிரண்டு படம் எடுத்தார். பக்கத்து வீட்டு ஆன்டி துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். கேமராவின் பின்பக்கத்துச் சின்னத் திரையில் நான் பார்த்தேன். ஒரு படம் நன்றாக இருந்தது. காற்றில் தலைமுடி கொஞ்சம் கலைந்து, எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தேன். அது நான்தான். அதையே அனுப்புங்கள் என்றேன்.

கம்ப்யூட்டர் கிள்ளானில் இருந்தது. எல்லோரும் அத்தானின் காரில் ஏறி, கூட்டரசு நெடுஞ்சாலையின் நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். அத்தை மடியில் முறுக்கு டின். அப்பா முன் சீட்டில் பேப்பரோடு. கல்யாணத்துக்குப் போகிற மாதிரிதான் போனோம்.

அந்த மென்பொருளைத் திறந்ததும் ஒரு இசை வரும். பிறகு கண்ணும் கைக்கு வெள்ளை உறையும் வைத்த ஒரு ஃபிலிம் ரோல் பொம்மை ஓடிவந்து கையாட்டும். அதை நிறுத்தவே முடியாது. ஒவ்வொரு முறையும் கையாட்டி முடித்தால்தான் அடுத்த வேலை. கேபிளை மாட்டினால் முதலில் கேமராவைத் தெரியாது என்றது. பிடுங்கி மாட்டினால் தெரியும் என்றது. பிறகு ஒவ்வொரு படமாக இறக்கியது. ஒரு நீலப் பட்டை நத்தை வேகத்தில் நகரும், முடிந்ததும் ஒரு மணி அடிக்கும், பொம்மை துள்ளும். ஒரு படத்துக்கு ஒரு துள்ளல். பெரியவர்கள் உபயோகிக்கிற ஒரு பொருளை இவ்வளவு அசட்டுத்தனமாக யார் செய்து வைத்தார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. இறக்கி முடித்ததும் கேமராவில் உள்ளதை அழித்துவிடட்டுமா என்று கேட்டது. அத்தான் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

"யெஸ்தான் லா, வேற என்ன," என்று அமுக்கினார். கேமரா காலியானது.

இறக்கிய படங்களை அந்த மென்பொருள் தானே ஒழுங்குபடுத்துமாம். மரச்சட்டம் போட்ட ஓர் ஆல்பம் திரையில் விரிந்தது. பக்கம் திருப்பினால் காகிதம் உரசும் சத்தம் வேறு. அத்தான் கேமராவில் தேதி வைக்கவே இல்லை, அதனால் எல்லாப் படங்களும் ஏதோ ஒரு வருஷத்து ஜனவரி முதல் தேதியில் எடுத்ததாகக் கணக்கு. ஒரே தேதி என்பதால் அது தன் இஷ்டத்துக்கு அடுக்கியது. கேமரா வாங்கிய அன்று அத்தான் சோதனைக்காக எடுத்த ஒரு தட்டு நண்டு, அதற்குப் பக்கத்தில் நான், எனக்குப் பக்கத்தில் அவருடைய காரின் பின்பக்கம். அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் சொன்ன படத்தை அத்தான் பெரிதாக்கினார். அத்தை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போனார்.

"ஐயோ, இவ்வளவு கறுப்பாவா இருக்கா?"

"வெளிச்சம் பத்தல அத்தை. ஒண்ணும் பிரச்சனை இல்ல. இதுலயே சரி பண்ணலாம்."

திரையின் ஓரத்தில் ஒரு கோடு. ஒரு முனையில் நிலா, மறு முனையில் சூரியன். நடுவில் ஒரு பொத்தான். அத்தான் அதைச் சூரியன் பக்கம் கொஞ்சம் இழுத்தார். என் முகம் வெளுத்தது.

"ஆங், இப்போ பரவால்ல. இன்னும் கொஞ்சம்."

மறுபடி இழுத்தார். பத்திரப்படுத்தட்டுமா என்று பொம்மை கேட்டது. யெஸ். இன்னும் கொஞ்சம் என்றார் அத்தை. யெஸ். பச்சைச் சேலை வாழைக்குருத்து நிறமானது. பின்னால் இருந்த சுவர் காணாமல் போனது. கழுத்துச் சங்கிலி கழுத்தோடு கரைந்தது. முறுக்கைக் கடித்துக்கொண்டே அத்தை எனக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் மூக்கு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல், இரண்டு கண்ணும் ஒரு பொட்டும் உள்ள ஒரு மாவு உருண்டை என் சேலையைக் கட்டிக்கொண்டு சிரித்தது.

"இது நான் இல்ல. முதல்ல இருந்ததை அனுப்புங்க அத்தான்," என்றேன்.

"ஸ்டூடியோவுல மட்டும் பவுடர் அப்பி லைட் போட்டு எடுக்க மாட்டாங்களா? அப்போ வாயத் திறந்தியா?" என்றார் அத்தை.

அக்கா என் தோளைத் தொட்டாள். "விடு லா. டிசம்பர்ல நேர்ல வரத்தானே போறாரு. அப்போ பார்த்துக்கட்டும்."

நான் அப்பாவைப் பார்த்தேன். போதும் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் அத்தை அடங்கிவிடுவார். அப்பா பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் எழுந்து வாசல் கேட் அருகே போய் நின்றுகொண்டேன். உள்ளே மோடம் கீச்சுக்கீச்சென்று கத்துவது கேட்டது. ஒரே ஒரு படம் போவதற்கு ஏன் இவ்வளவு நேரம் என்று யாருக்கும் தோன்றவில்லை. லைன் ஸ்லோ என்றார் அத்தான்.

லைன் ஒன்றும் ஸ்லோ இல்லை. அந்த மென்பொருள் செய்த காரியம் பிறகு தெரிந்தது. ஒரு படத்தை மாற்றி மாற்றிப் பத்திரப்படுத்தினால் அது பழையதை அழிக்காது. எல்லாவற்றையும் சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே இருப்பதை மட்டும் காட்டும். அனுப்பு என்றால் கட்டோடு அனுப்பிவிடும். முதலில் நான், பிறகு கொஞ்சம் வெளுத்த நான், இன்னும் வெளுத்த நான், இப்படி ஏழு படங்கள் வரிசை தவறாமல் மெல்பர்னுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. ஸ்டூடியோ படமாவது சம்பல் கறையோடு வீடு திரும்பும். இது போனால் போனதுதான்.

அந்த வாரத்திலேயே மாப்பிள்ளையின் அம்மா அழைத்தார். அப்பாவுக்குக் காது மந்தம், அதனால் எங்கள் வீட்டு ஃபோனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். வீடு முழுக்கக் கேட்கும். நான் பரீட்சைத் தாள்களை அப்படியே வைத்துவிட்டு வந்து அப்பாவுக்கு எதிரே நின்றேன். அத்தை சமையலறை வாசலில் நின்றார். சுகம் விசாரித்தார்கள். அங்கே குளிர் என்றார்கள். பிறகு அந்த அம்மா கொஞ்சம் தயங்கினார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. ஏழு படம் வந்திருக்கு. எல்லாத்துலயும் அதே சேலை, அதே சிரிப்பு. ஆனா ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. மகன் கேட்டுச் சொல்லச் சொன்னான். இதுல எதுங்க உங்க பொண்ணு?"

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் என்னைத்தான் பார்த்தார். ட்யூப் லைட்டுக்குக் கீழே, ஓரடி தூரத்தில், நைட்டியில், நான் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்துக்கொண்டே அவர் யோசித்தார். ஏழு என்றால் நம்பமாட்டார்கள், ஒன்று என்றால் வேண்டாம் என்பார்கள், அதைத்தான் யோசித்தார். அந்தப் படங்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஐந்தாவது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

"அஞ்சாவதுங்க," என்றார்.

குரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. ரயில் எந்த பிளாட்ஃபாரத்தில் வரும் என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னார். அத்தை செய்ததை நான் மறந்திருப்பேன், அத்தைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். என்னைத் தூக்கி வளர்த்த மனிதர் என் முகத்தைப் பார்த்தபடியே இது என் மகள் இல்லை என்று சொல்லிவிட்டார்.

நான் குனிந்து ஃபோன் கிட்டே வாயை வைத்தேன்.

"ஆன்டி, முதல் படம். அதுல இருக்கிறதுதான் நான். மத்ததெல்லாம் கம்ப்யூட்டர்ல பண்ணது."

"ஓ, சரிம்மா. மகன்கிட்ட சொல்றேன்," என்று அந்த அம்மா வைத்துவிட்டார். மெல்பர்னிலிருந்து அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. என் நிறம் பிடிக்கவில்லையா, எங்கள் பொய் பிடிக்கவில்லையா என்று எனக்குத் தெரியாது. பொய்தான் என்றால் அந்த மாப்பிள்ளைமேல் எனக்குக் குறையே இல்லை.

அத்தை தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். அப்பா ஃபோனை நேராக நகர்த்தி வைத்தார். வைத்ததையே மறுபடி நகர்த்தினார்.

"உனக்காகத்தானே சொன்னேன்," என்றார்.

எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்த யாரும் இவள் யார் மகள் என்று கேட்டதில்லை. அக்கா அம்மாவைப் போல மாநிறம். நான் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை அப்பாவின் நிறம்.

"அப்பா, அந்த அஞ்சாவது படத்துல இருக்கிற பொண்ணு உங்களுக்குப் பொறந்திருக்கவே முடியாது," என்றேன்.

அவர் எழுந்து போய்க் குளியலறைக் குழாயைத் திறந்தார். முகம் கழுவிக்கொண்டே இருந்தார்.