வேட்டி மறைத்த கால்

என் அப்பாவுக்கு இரண்டு வாய்கள். ஒன்று வீட்டில் திறப்பது, இன்னொன்று டாக்டர் முன்னால் திறப்பது. வீட்டு வாயை நானும் அம்மாவும் மட்டுமே கேட்டிருக்கிறோம். இன்னொரு வாயை நம்பி ஒரு பெரிய மருத்துவ ஆய்வே நடந்தது.

சுரக்குடியில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. பீடியும் சர்க்கரையும் சேர்ந்து அப்பாவின் வலது காலில் ரத்தக்குழாயை அடைத்திருந்தன. வீட்டிலிருந்து வாய்க்கால் மதகு வரை போவதற்குள் கெண்டைக்கால் இறுகி நின்றுவிடுவார். வலியால் நிற்கிறார் என்று யாருக்கும் தெரியக் கூடாது, அதனால் பயிரைப் பார்ப்பது போல நிற்பார். அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கிற வயலையும் அப்படித்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கு ஆய்வு நடக்கிறது என்று காரைக்கால் டாக்டர் அனுப்பிவைத்தார். அங்கே காலைக் கிழிக்க மாட்டார்கள். தொடை இடுக்கில் சிறு துளை போட்டு, அதன் வழியே ஒரு பலூனை அனுப்பி, தொடையில் அடைத்த இடத்தை விரிப்பார்கள். சிலருக்குச் சாதாரண பலூன், சிலருக்கு மருந்து தடவிய பலூன். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யும், நோயாளிக்குச் சொல்ல மாட்டார்கள். அப்பா ஊர் திரும்பியதும் தனக்கு மருந்து தடவியதுதான் என்று டீக்கடையில் அறிவித்துவிட்டார்.

அதன்பின் அவ்வப்போது பரிசோதனைக்குப் போகவேண்டும். நான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுக் கூடப் போவேன். டாக்டர் அறை வாசலில் அப்பா செருப்பைக் கழற்றுவார். மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துப் பாதம் வரை விடுவார். தோள் துண்டு கைக்கு வந்துவிடும். கால் வைத்தியத்துக்கு வந்த மனிதர் காலை முழுக்க மூடிக்கொண்டு, மரியாதையாக நிற்பார்.

ஆய்வில் வேலை பார்த்த ஒரு பெண் கேள்விகள் கேட்பாள். எவ்வளவு தூரம் வலியில்லாமல் நடக்கிறீர்கள், இரவில் தூங்க முடிகிறதா, இப்படி. எல்லாவற்றுக்கும் அப்பாவிடம் ஒரே பதில்தான்.

“உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேங்க.”

இலவசமாக வைத்தியம் பார்த்தவரிடம் குறை சொல்வது அவருக்கு, விருந்து சாப்பிட்ட வீட்டில் சாம்பாரில் உப்பில்லை என்று சொல்வது போல. பிறகு வராந்தாவில் குறித்த நேரம் நடக்கச் சொல்வார்கள். வலித்தால் நின்றுவிடலாம் என்பார்கள். நான்கு பேர் பார்க்கும்போது நிற்பதாவது? பல்லைக் கடித்துக்கொண்டு முழு நேரமும் நடப்பார். நல்ல முன்னேற்றம் என்று அந்தப் பெண் சந்தோஷப்படுவாள்.

அங்கே அடக்கியதெல்லாம் அம்மாவின் தலையில் விழும். படுத்தால் வலி தாங்காது என்று காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார். அம்மா அமுக்கிவிட்டால் கை முரடு என்பார், அமுக்காவிட்டால் நெஞ்சில் ஈரமில்லை என்பார். ஒருநாள் சொம்பை எறிந்ததில் அம்மாவின் புருவம் கிழிந்தது. உடனே தன் துண்டை நனைத்து அவரே ரத்தத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே திட்டினார்.

நான் பொறுக்க மாட்டாமல் ஒரு தடவை அப்பா எதிரிலேயே அந்தப் பெண்ணிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவள் பாவமாகப் பார்த்தாள். நோயாளி தன் வாயால் சொல்வதைத்தான் எடுத்துக்கொள்ள முடியும், வீட்டார் சொல்வதற்கு இந்த ஆய்வில் இடமில்லை என்றாள். பஸ் ஸ்டாண்டில் அப்பா வீட்டு வாயைத் திறந்தார்.

“பெரியவங்க பேசுற எடத்துல பொட்டச்சிக்கு என்ன பேச்சு? சோறு போட்டவங்க முன்னாடி என்னைய நன்றி கெட்ட நாயாக்கிட்ட.”

அடுத்த தடவை போனபோது அவருடைய வலது கட்டைவிரலில் ஒரு துணி சுற்றியிருந்தது. ஸ்கேன் எடுப்பவர் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார்.

“வரப்புல இடிச்சுக்கிட்டேங்க.”

கேட்டவர் அப்பாவின் தொடையில் ஸ்கேன் பசை தடவிப் பார்ப்பதில் மும்முரமாகிவிட்டார். பலூன் போட்ட இடம் நன்றாகத் திறந்திருக்கிறதாம். டாக்டர் அப்பாவின் தோளைத் தட்டினார். முழங்காலுக்குக் கீழே யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. குழாய் திறந்திருக்கிறதா என்பதுதான் அவர்கள் கேள்வி, மனிதன் தூங்குகிறானா என்பதல்ல.

விரல் கறுத்தது. வீட்டில் நாற்றம் அடிக்க ஆரம்பித்த பிறகுதான் துணியை அவிழ்க்க விட்டார். வேறொரு ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். கீழே சின்னக் குழாய்கள் எல்லாம் அடைபட்டிருந்தன, புண்ணை முன்னமே காட்டியிருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார்கள். ஆய்வுக்காரர்கள் வருத்தப்பட்டார்கள். ஆனாலும் தொடையில் அவர்கள் திறந்த குழாய் திறந்தேதான் இருந்தது, பலூன் ஜெயித்த கணக்கில்தான் அது சேர்ந்தது. எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அப்பா மீதா அவர்கள் மீதா என்றால், இரண்டு பேர் மீதும்தான்.

போன வருஷம் அந்த ஆய்வு டாக்டரே கூப்பிட்டார். புதிதாக ஓர் ஆய்வு தொடங்கப்போகிறார்களாம், இந்த முறை என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று நோயாளிகளிடமும் வீட்டாரிடமும் முதலில் பேசுகிறார்களாம். அப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். அம்மாவும் வருவேன் என்றாள். அவள் அதுவரை அந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததில்லை.

வாசலில் அப்பா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு, மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றினார். உள்ளே டாக்டர் எழுந்து நாற்காலி போட்டார். எப்படி இருக்கிறீர்கள் என்றார்.

“உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேங்க.”

டாக்டர் தலைகுனிந்தார். அப்போது அம்மா பேசினாள். அப்பா எதிரில் வெளியாளிடம் அவள் பேசி நான் கேட்டது அன்றுதான்.

“இவுகள எதுவும் கேக்காதீங்க டாக்டர். ராத்திரி எத்தன தடவ என்னையத் திட்டுனாகன்னு எங்கிட்டக் கேளுங்க. அது கொறஞ்சா ஒங்க மருந்து வேல செய்யுதுன்னு அர்த்தம்.” அப்பாவின் வேட்டியைக் காட்டினாள். “இப்ப மறுபடி கூடிப்போச்சு. மொதல்ல வேட்டியத் தூக்கிக் காலப் பாருங்க.”

அப்பா அவளைப் பார்த்த பார்வையை வீட்டில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அம்மா அசையவில்லை. டாக்டர் தரையில் மண்டியிட்டு வேட்டி நுனியைத் தூக்கினார். இடது கட்டைவிரலில் அம்மாவின் பழைய சேலைக் கிழிசல் சுற்றியிருந்தது.

“வரப்புல இடிச்சுக்கிட்டேங்க” என்றார் அப்பா.

வலது கால் போனதிலிருந்து அவர் வரப்பில் ஏறியதே இல்லை.