கால்சியம் டப்பா

தையல் கம்பெனியில் அவளை இஸ்திரியக்கா என்பார்கள். வருஷக்கணக்காக நின்ற இடத்திலேயே நின்று சட்டைகளுக்கு இஸ்திரி போட்டவள்.

புருஷன் செத்தபோது மஞ்சள்காமாலை என்று ஊருக்குச் சொன்னாள். அந்த மகராசன் அவளுக்கு விட்டுப்போன சொத்து எச்.ஐ.வி. ஒன்றுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், அவள் மறைத்தாள். ஆஸ்பத்திரியில் மாதாமாதம் வாங்கும் மாத்திரைகளைக் காலிக் கால்சியம் டப்பாவில் கொட்டி, சமையலறை அலமாரியில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தாள். தினமும் மகன் முன்னாலேயே விழுங்கினாள்.

அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருமுறை சொன்னாள்: "இந்த நோயும் எலும்ப அரிக்கும், இந்த மாத்திரையும் கொஞ்சம் அரிக்கும். முதுகு, இடுப்பு வலிச்சா சொல்லுங்கக்கா, வேற மாத்திரை மாத்தித் தருவாங்க."

முதுகு வலிக்கத்தான் செய்தது. நாளெல்லாம் நிற்கிறவளுக்கு வலிக்காதா என்று சொல்லாமல் விட்டாள். மறைத்து மறைத்தே பழகியவளுக்கு எதை மறைப்பது, எதைச் சொல்வது என்பதே மறந்துபோயிருந்தது.

ஒருநாள் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கினாள், மணிக்கட்டு முறிந்தது. விழவில்லை, இடித்துக்கொள்ளவும் இல்லை. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"எலும்பு உளுத்துப் போயிருக்கே. கால்சியம் சாப்பிடுறீங்களா?"

"ஒருநாள் தவறாம சாப்பிடுறாங்க டாக்டர்," என்று மருமகள் முந்திக்கொண்டாள்.

"வேற மாத்திரை ஏதாவது?"

மகன் பக்கத்திலேயே நின்றான்.

"இல்லைங்க," என்றாள் அவள். டாக்டர் வயசைக் குற்றம் சொல்லி அனுப்பிவிட்டார். அப்படியொன்றும் வயசாகிவிடவில்லை அவளுக்கு.

வீட்டுக்கு வந்ததும் மகன் டப்பாவைக் கையில் எடுத்தான். பாசக்காரப் பிள்ளை; அதுதான் வினை.

"இத்தன வருஷமா போலி மாத்திரைய வித்திருக்கான்மா. முக்கு மருந்துக்கடையில போய் நாலு பேர் முன்னாடி கொட்டிக் காட்டி, நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேக்குறேன்."

மாத்திரை மருந்துக்கடைக்காரன் கண்ணில் பட்டால் போதும், அது எந்த நோய்க்கென்று தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் வாசலை மறித்து நின்றாள்.

"அது கால்சியம் இல்லப்பா."

எல்லாவற்றையும் சொன்னாள், அவன் அப்பன் செத்த காரணம் உட்பட. மருமகள் சுவரோரமாக நகர்ந்தாள். மகன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தான்.

"அப்ப... எனக்கு?"

"உனக்கு இல்ல. சின்ன வயசுலயே பாத்தாச்சு."

அவனுக்கு மூச்சு வந்தது. மருமகளுக்கும் வந்தது. கட்டுப்போட்ட கையைத் தாங்கியபடி அவள் நின்றாள். உட்காரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.