மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா

ஹூஸ்டன் துறைமுக வாசலில் இருக்கும் காவலாளிகள் எல்லோருக்கும் ஞானமணியைத் தெரியும். மாலுமிகள் இல்லத்தின் வெள்ளை வேனை ஓட்டிக்கொண்டு வருவாள். தலைக்கவசத்துக்குள் அடங்காத கொண்டை பின்னால் துருத்திக்கொண்டு நிற்கும். ஆஸ்பத்திரி லேபில் இருபது வருஷம் ரத்தமும் சிறுநீரும் பார்த்து ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல், மாதா கோயிலில் பூசை முடிந்து வாசித்த ஓர் அறிவிப்பைக் கேட்டு இந்த ஊழியத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள். இரண்டு வாரம் தாங்காது என்றார் கணவர் ஜெபதாஸ். இப்போது நான்காவது வருஷம்.

வேலை பெரிதாக ஒன்றுமில்லை. கப்பலில் வருகிற மாலுமிகளை வால்மார்ட்டுக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். இறங்க விசா இல்லாதவர்களும் உண்டு. அவர்கள் அமெரிக்காவின் கரையில் கப்பலைக் கட்டி நிறுத்தியிருந்தாலும் அமெரிக்க மண்ணில் கால் வைக்க முடியாது. அவர்களுக்கு வேண்டிய சிம் கார்டு, சோப்பு, வலி மாத்திரையை ஞானமணியே வாங்கி ஏணி ஏறிக் கொடுத்துவிட்டு வருவாள்.

அப்படி விசா இல்லாதவன்தான் ருஸ்தி. இரசாயனம் ஏற்றும் டேங்கர் ஒன்றில் சமையல்காரன். இந்தோனேசியாவில் சுலாவெசித் தீவின் கடலோரக் கிராமத்துக்காரன். நாற்பது வயது இருக்கும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவன் கப்பல் ஹூஸ்டனுக்கு வரும். முதல் தடவை அவன் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்து ஞானமணி நின்றுவிட்டாள். படத்தில், கயிற்றில் முடிந்த செடிக் கொத்து ஒன்றைப் பெண் ஒருத்தி தூக்கிப் பிடித்திருந்தாள்.

"இது கடல்பாசிதானே?" என்றாள். இருவருக்கும் பொதுவாக இருந்தது கப்பல் ஆங்கிலம். அதில் அரைகுறையாகத்தான் பேசுவார்கள், ஆனால் சொல்லாமல் எதுவும் மிச்சம் இருக்காது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்கம்மா அதுக்குத்தான் முங்குவாங்க."

ஞானமணி தங்கச்சிமடத்தில் பிறந்தவள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறை இடுக்கில் பாசி பறித்த அம்மாவின் கைகளை அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதனால்தான் அந்தக் கடலை நினைத்து அவள் ஒரு நாளும் ஏங்கியதில்லை. ருஸ்தி ஏங்கினான். அன்று முதல் அவளை 'இபு' என்று கூப்பிட ஆரம்பித்தான். அவர்கள் ஊரில் அம்மாவையும் பெரிய பெண்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

அவன் சொல்லிச் சொல்லியே அந்தக் கிராமம் ஞானமணிக்குப் பழக்கமாகிவிட்டது. தூண்மேல் நிற்கும் மரவீடுகள். வீட்டுக்கு அடியில் நிழலில் உட்கார்ந்து பெண்கள் கயிற்றில் பாசி நாற்று முடிவார்கள். ஆண்கள் அதைப் படகில் கொண்டுபோய்க் கடலில் கட்டுவார்கள். மிதவைக்குக் காலித் தண்ணீர் பாட்டில்கள். நல்ல வருஷங்களில் பாசி விற்றே வாசலுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. பிறகு கடல் சூடாகிவிட்டது என்றார்கள். பாசியின் நுனி வெளுத்து, கயிற்றை இழுத்தால் கையோடு உதிர்ந்தது. ஆண்கள் கப்பலுக்கும் மலேசியத் தோட்டங்களுக்கும் போனார்கள். பின்னாலேயே குடும்பங்களும் கிளம்பின. ஆள் போன வீட்டை நம் ஊரில் பூட்டிப் போடுவோம். அங்கே வீட்டையே கழற்றி விற்றுவிடுவார்களாம். ஆணி அடிக்காத வீடு. பழைய மரத்துக்கு நகரத்தில் நல்ல கிராக்கி.

சென்ற கோடையில் கப்பல் வந்தபோது ருஸ்தி அவளுக்குச் சாப்பாடு வைத்துவிட்டு எதிரிலேயே நின்றான்.

"இபு, ஒரு உதவி. ஹயாத்தி வீட்டைக் கழற்றக் கொடுக்கப் போறா."

ஹயாத்தி அவன் மனைவி. மகள் நிசாவைக் கூட்டிக்கொண்டு மகஸ்ஸார் நகரத்தில் தங்கையிடம் போவதாக முடிவு செய்திருந்தாள். மர வியாபாரி வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். ருஸ்திக்கு ஒப்பந்தம் முடிய இன்னும் நான்கு மாதம் இருந்தது. முடிந்ததும் ஊருக்குப் போய், கப்பலை விட்டுவிட்டு, மறுபடி பாசி போடுவதுதான் அவன் எண்ணம். வீடு போனால் அந்த எண்ணமும் போயிற்று.

"நீ பேச வேண்டியதுதானே?"

"நான் பேசினா சண்டை ஆயிடும். எங்க ஊர்ல புருஷன் பேச மாட்டான். புருஷன் பக்கத்துப் பெரிய பொம்பளை ஒருத்தர் போய் உட்கார்ந்து பேசணும். என் அம்மா இல்ல. அக்கா மலேசியாவுல." தட்டைத் துடைத்தபடியே சொன்னான். "எனக்குன்னு நீங்கதான் இருக்கீங்க."

கப்பல் மூன்று நாள் நின்றது. மறுநாள் மாலை ஞானமணி அதிரசம் சுட்டாள். இஸ்திரி போட்ட மெரூன் பட்டுப்புடவையைப் பையில் வைத்தாள்.

"என்ன, கப்பல்ல கல்யாணமா?" என்றார் ஜெபதாஸ்.

"ஒரு குடும்ப விஷயம் பேசப் போறேங்க."

"வீடியோ கால்தானே? அதிரசத்தை போனுக்குள்ள தள்ளி விடப் போறியா?"

"வெறுங்கையோட போய் பேசினா எடுபடாது. நம்ம சம்பந்தம் பேச உங்க பெரியம்மா வந்தப்போ ரெண்டு சீப்பு பழமாவது கொண்டு வந்தாங்கல்ல."

"அந்தப் பழத்துலதான் நான் மாட்டுனேன்." டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார். "சரி, மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா, பாத்து டிரைவ் பண்ணு. பெல்ட்வேல ஆக்சிடென்ட்னு காட்டுது."

புடவையோடு கப்பல் ஏணி ஏற விடமாட்டார்கள். அதனால் பேன்ட், பூட்ஸோடு ஏறி, உணவறையில் பேன்ட்டின் மேலேயே புடவையைச் சுற்றிக்கொண்டாள். டிவியில் பாட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பிலிப்பினோ மாலுமிகள் அவளைப் பார்த்ததும் டிவியை அணைத்துவிட்டு, கோயிலை விட்டு வெளியேறுவது போல மெதுவாக வெளியே போனார்கள். ருஸ்தி துவைத்த சட்டை போட்டிருந்தான். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தான்.

அங்கே காலை. ஹயாத்தி வீட்டுக்கு அடியில் உட்கார்ந்து பாசி முடிந்துகொண்டிருந்தாள். மெலிந்த முகம், தலையில் நீல முக்காடு. கையை நிறுத்தாமலே தலை குனிந்து வணங்கினாள். அவள் தோளுக்குப் பின்னாலிருந்து நிசா எட்டிப் பார்த்தாள்.

ஞானமணி அதிரச டப்பாவைத் திறந்து காட்டினாள். "உனக்குத்தாம்மா கொண்டு வந்தேன். ஆனா உன் புருஷன் தின்னுருவாரு."

ருஸ்தி அதை அவர்கள் மொழியில் சொன்னான். ஹயாத்தி சிரித்துவிட்டு ஏதோ சொன்னாள். "என் சமையலை நானே சாப்பிட மாட்டேனாம், இதையாவது சாப்பிடணுமாம்" என்றான்.

சாப்பிட்டாயா, பிள்ளை படிக்கிறாளா என்று எல்லாம் கேட்டு முடித்து, ஞானமணி விஷயத்துக்கு வந்தாள். நான்கு மாதம்தான். அவன் வந்து இறங்கட்டும். மனுஷன் கடலிலிருந்து வீட்டுக்கு வரும்போது வீடு நிற்க வேண்டாமா. கப்பலில் அவன் வேறு எதையும் பேசுவதில்லை. அவன் கெட்டவன் இல்லை, அவனை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒவ்வொன்றாகச் சொன்னாள். ருஸ்தி தன்னைப் பற்றிய புகழை முகம் சிவக்க மொழிபெயர்த்தான்.

ஹயாத்தியின் கை நின்றது. அவள் நெடுநேரம் பேசினாள். குரல் உயரவில்லை. ருஸ்தி நடுவில் இடைமறிக்கப் பார்த்தான். அவள் விரலை உயர்த்தி அவனை நிறுத்தினாள்.

"அப்படியே சொல்லணுமாம்" என்றான் ஞானமணியிடம். மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "கிணறு உப்பாயிடுச்சாம். எங்க வீட்டுல இருந்து மசூதி வரைக்கும் இப்ப வெறும் தூண் போட்ட குழிதானாம். பள்ளிக்கூட வாத்தியார் வந்தா வர்றாராம், வராட்டி இல்லையாம். இப்ப முடியுற இந்தப் பாசி அடுத்தவங்களோடதாம், கூலிக்கு முடியுறாளாம். எங்க கயித்துல இருந்த பாசி எல்லாம் போன மழையிலயே வெளுத்துப் போச்சாம்." பிறகு தானாகவே சொன்னான்: "அதை அவ இதுவரைக்கும் என்கிட்ட சொல்லலை."

ஹயாத்தி இன்னும் ஒரு வாக்கியம் சொன்னாள்.

"எனக்குத் தெரிஞ்சது பழைய கடலாம். அந்தக் கடலுக்குத் திரும்பி வரணும்னு நான் நினைக்கிறேனாம். அது அங்க இல்லையாம்."

ஞானமணி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். மாப்பிள்ளை பக்கம் பேச வந்தவள் இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பொறுத்துப் போம்மா என்று சொல்ல வேண்டும். அது நாக்கு நுனி வரை வந்தது.

அதற்குள் ஹயாத்தி நேராகப் போனைப் பார்த்து அவளையே கேட்டாள். ருஸ்தி உடனே மொழிபெயர்க்கவில்லை.

"என்ன கேட்டா?"

"உங்க ஊர்லயும் பாசிதான்னு நான் முன்னாடி சொல்லியிருந்தேன். நீங்க திரும்பிப் போனீங்களான்னு கேட்கிறா."

ஞானமணி அவனைப் பார்த்தாள். அவனுக்கு அவள் பதில் தெரியாது. போனேன் என்று சொல்லிவிட்டால், ஒருவேளை வீடு நான்கு மாதம் நிற்கும். அந்தச் சின்னப் பெண் இன்னும் நான்கு மாதம் உப்புத் தண்ணீர் குடிப்பாள். ஞானமணி பன்னிரண்டாவது முடித்த அன்று அவள் அம்மா துணிப்பையைக் கையில் கொடுத்து, "போற இடத்துல இருந்துக்க. இங்க வந்து நிக்காதே" என்று பஸ் ஏற்றிவிட்டாள். அம்மாவை அடக்கம் செய்ய ஒரு முறை போனாள். அதைத் திரும்பிப் போனது என்று சொல்ல முடியாது.

"இல்லம்மா" என்று தமிழிலேயே சொல்லித் தலையை ஆட்டினாள்.

அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஹயாத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஜெயித்தவளின் அழுகையாக அது இல்லை. ருஸ்தி போனைக் கையில் எடுத்து, மூலைக்குப் போய், தாழ்ந்த குரலில் அவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். ஞானமணி புடவையை அவிழ்த்து மடித்தாள். பட்டு வழுக்கி வழுக்கி மடிப்பு சரியாகவே வரவில்லை.

அடுத்து கப்பல் வந்தபோது ஹூஸ்டனில் வெயில் தணிந்திருந்தது. ஞானமணிக்கு ஏணி ஏறக் கால் வரவில்லை. ஆனால் ருஸ்தி எப்போதும் போல "இபு" என்று கூப்பிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டான். வீட்டைக் கழற்றிய அன்று கப்பல் நடுக்கடலில் இருந்ததாம். சிக்னல் கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். போனில் ஒரு படம் காட்டினான். மலைப்பக்கத்து விடுதி ஒன்றின் விளம்பரம். வயலைப் பார்த்து ஒரு மரவீடு, வார்னிஷ் பளபளத்தது. படியில் ஒரு வெளிநாட்டு ஜோடி காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தது.

"எங்க வீடு. நல்லாத்தான் வச்சிருக்காங்க. படியை மட்டும் எதிர்ப்பக்கம் மாத்திட்டாங்க. எங்களுக்குக் கடல் பக்கம் இருந்துச்சு."

"தம்பி, நான் அன்னைக்கு..."

"நீங்க பொய் சொல்லியிருந்தா அவ கண்டுபிடிச்சிருப்பா, இபு. என் பொய்யையே கண்டுபிடிப்பா."

"இந்த மாசம் கான்ட்ராக்ட் முடியுதுல்ல? மகஸ்ஸார் போயிடுவேல்ல?"

ருஸ்தி பானையில் அரிசி அளந்து போட்டான். "லாண்ட்ரிக்கு மேல ஒரு ரூம். ஹயாத்தி, நிசா, அவ தங்கச்சி, தங்கச்சி புள்ளைங்க. நான் போனா ராத்திரி ஒருத்தர் புரண்டு படுக்க எல்லாரையும் கேட்கணும். அந்த ஊர்ல எனக்கு என்ன வேலை தெரியும்?" தண்ணீர் விட்டு அரிசியைக் களைந்தான். "இன்னொரு கான்ட்ராக்ட் சைன் பண்ணிட்டேன்."

"ஹயாத்தி என்ன சொன்னா?"

"சரின்னுட்டா. நிசாதான் ஒரு வாரமா போனுக்கு வர மாட்டேங்கிறா."

ஞானமணி எழுந்துகொண்டாள். அவனுக்குச் சமையல் நேரம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தாள். ஜெபதாஸ் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"உன் மாப்பிள்ளை எப்ப ஊருக்குப் போறான்?"

"போகலை. புது கான்ட்ராக்ட் போட்டுட்டான்."

"எத்தனை மாசத்துக்கு?"

"கேட்கலைங்க" என்றாள் ஞானமணி.