குண்டில் எழுதிய பெயர்

கார்கில் போர் நடந்த கோடையில் என் கணவர் நாக்பூரில் ஒரு கோர்ஸ் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். விமானப்படையில் அவருக்கு விமானங்களில் குண்டு மாட்டும் வேலை. மறுநாள் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கம்பளி ஸ்வெட்டரைக் காணோம். நாக்பூர் வெயிலுக்கு ஸ்வெட்டர் கொண்டுபோகிற மனுஷனை ஊர் உலகத்தில் யாராவது பார்த்ததுண்டா?

புனேயில், விஷ்ராந்த்வாடியில் இருந்த எங்கள் வீட்டில் ஃபோன் இல்லை. எதிர்வீட்டு மராத்தி அக்கா வீட்டுக்குத்தான் கூப்பிடுவார்.

"அங்க வெயில் எப்படி?"

"மண்டையப் பொளக்கு" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் என்று தெரிந்துவிட்டது. வேறொருத்தி என்றால்கூட ஒரு கை பார்த்திருப்பேன். போரை என்ன செய்வது? அவர் திரும்பி வருவாரோ மாட்டாரோ என்ற பயத்தில் செய்தி நேரம் தவறாமல் டிவி முன்னால் உட்கார்ந்தேன்.

காலாட்படை ஏற முடியாத சிகரங்களில் விமானங்கள் குண்டு போட்டு வழி உண்டாக்குகின்றன என்று டிவியில் சொன்னார்கள். கறுப்பு வெள்ளையில் ஒரு கூடாரம் தெரியும், பிறகு புகை. குறி தப்பவே இல்லையாம். அத்தனை உயரத்திலிருந்து போட்டுவிட்டு இவர்களுக்கு எப்படி அவ்வளவு நிச்சயம்? எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ஒருநாள் அக்கா பேப்பரோடு ஓடிவந்தாள். விமானத்தடியில் ஒரு குண்டின் படம். அதன் மேல் சாக்பீஸால் ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள்.

"அண்ணி, இது உங்க மொழிதானே? என்ன எழுதியிருக்கு?" என்று இந்தியில் கேட்டாள்.

தமிழ்தான். கையெழுத்தும் அவருடையதுதான். எழுதியிருந்தது எங்கள் மகளின் பெயர்.

"வெற்றின்னு போட்டிருக்கு" என்றேன்.

என் மகள் எட்டிப் பார்த்தாள். புனேயில் பிறந்த பிள்ளை. அவளுக்கு எழுத்துக்கூட்டாமல் வாசிக்க வருகிற ஒரே தமிழ்ச் சொல் அவள் பெயர்தான். அதுவும் அப்பா சொல்லிக்கொடுத்தது.

"அம்மா பொய் சொல்றா. இது என் பேரு!" என்று அக்காவிடம் மராத்தியிலேயே சொன்னாள்.

அக்கா அவளை அள்ளித் தூக்கிக்கொண்டாள். கட்டடம் முழுக்கப் பேடா கொடுத்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினார்கள். எனக்கு அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பெற்ற பிள்ளையின் பெயரை எழுத அந்த மனுஷனுக்கு வேறு இடம் கிடைக்கவில்லையா? அன்றிலிருந்து செய்தியில் புகை தெரிந்தால் டிவியை அணைத்துவிடுவேன்.

போர் முடிந்து வந்தார், உதடு வெடித்து, முகம் கறுத்து. கண்டதும் அழுதுவிட்டேன். சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்துவிட்டு, பேப்பரை எடுத்து முன்னால் போட்டேன்.

"எல்லாரும் வீட்டுப் பேரெல்லாம் எழுதுனாவ. பிள்ள ஞாபகம் வந்துச்சு, நானும் எழுதுனேன்."

"அது எங்க விழுந்துச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும்? மாட்டி விடுறதோட என் சோலி முடிஞ்சுது."

மகள் அவர் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

"என் பேர் விழுந்த இடத்துல யாரு இருந்தாங்கப்பா?"

"யாரும் இல்லட்டி. வெறும் மலைதான்."

அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். டிவியில் செய்தி வாசிக்கிறவர்களை நான் பார்க்கிற அதே பார்வை.

"யாரும் இல்லன்னா எதுக்குப்பா போட்டீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.